கீபோர்டுக்கு மூடி மாற்றப் போகிறவர்களுக்கு

ஒவ்வொரு விசைக்கும் தனித்தனி ஸ்விட்ச் உள்ள மெக்கானிக்கல் கீபோர்டுக்குப் புதிய கீகெப், அதாவது விசைகளின் மேல் மாட்டும் மூடி, வாங்க நினைப்பவர்கள் முதலில் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். ஹட்டனிலோ பண்டாரவளையிலோ இருந்துகொண்டு வாங்குபவர் முதலில் கையில் எடுக்க வேண்டியது அடிமட்டம். ஒரு மூடி பொருந்தவில்லை என்றால் கடைக்கு நடந்துபோய் மாற்றிக்கொண்டு வர இங்கே வசதியில்லை. செட்டாக வாங்க வேண்டுமானால் கொழும்புக்குப் போக வேண்டும், அல்லது வெளிநாட்டு ஒன்லைன் கடையில் ஓர்டர் செய்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். லயத்து வீடுகளுக்குத் தனி விலாசம் இல்லாத தோட்டங்களில் தபால் தோட்ட அலுவலகம் சுற்றித்தான் வரும். ஆகவே டவுனில் தெரிந்த கடை ஒன்றின் விலாசத்தைக் கொடுப்பதே நல்லது. திருப்பி அனுப்பும் செலவு பல நேரம் பொருளின் விலையை நெருங்கிவிடும். அளவெடுக்காமல் வாங்கினால் அந்த நட்டத்தை நாமே சுமக்க வேண்டியதுதான்.

ஒரு மூடியைக் கழற்றி, கீழே இருக்கும் ஸ்விட்சின் தண்டைப் பாருங்கள். கூட்டல் குறி போல இருந்தால் அது செர்ரி எம்எக்ஸ் வகை. சந்தையில் உள்ள செட்டுகளில் பெரும்பாலானவை அதற்கே செய்யப்படுகின்றன. கூட்டல் குறிக்குப் பதிலாகப் பக்கத்துக்குப் பக்கம் இரண்டு சின்னத் துளைகள் இருந்தால் அது உயரம் குறைந்த சொக் வகை. எம்எக்ஸ் மூடி அதில் ஏறாது. சாதாரண இறப்பர் மெம்பிரேன் கீபோர்டுகளில் பெரும்பாலானவற்றுக்கும் இந்தச் செட்டுகள் பொருந்தாது.

அடுத்தது அகலம். ஒரு சாதாரண எழுத்து மூடியின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 19.05 மில்லிமீற்றர். இதைத்தான் 1 யூ என்கிறார்கள். மூடிகளுக்கு நடுவே ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் இடைவெளி விடப்படும். எந்த மூடியை அளந்தாலும் கிடைத்த அளவோடு 1 கூட்டி, 19.05ஆல் வகுத்தால் அதன் யூ அளவு வந்துவிடும். ஸ்பேஸ் பார் 118 மில்லிமீற்றர் என்றால் 119ஐ வகுக்க வேண்டும்; விடை 6.25 யூ. எல்லா மூடிகளையும் அளக்கத் தேவையில்லை. கீழ் வரிசை முழுவதும், இரண்டு ஷிஃப்ட், என்டர், பேக்ஸ்பேஸ் ஆகியவை போதும்.

வழமையான கீழ் வரிசையில் இடப்பக்கம் 1.25 யூ மூன்று, ஸ்பேஸ் பார் 6.25, வலப்பக்கம் 1.25 யூ நான்கு, கூட்டினால் 15. எந்தச் செட்டிலும் இது இருக்கும். சிறிய கீபோர்டுகளில்தான் கவனம் தேவை. அம்புக்குறி விசைகளை உள்ளே நெருக்கி வைப்பதற்காக வலது ஷிஃப்டை 2.75 யூவிலிருந்து 1.75க்குக் குறுக்கியிருப்பார்கள். வலது ஓல்ட், கன்ட்ரோல் விசைகள் 1 யூ ஆகியிருக்கும். 104 மூடி என்று போட்டிருக்கும் செட்டில் இந்தக் குட்டை ஷிஃப்ட் இல்லாமலே போகலாம். மூடிகளின் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

கெப்ஸ் லொக்கும் 1.75 யூதானே, அதை எடுத்து ஷிஃப்டில் மாட்டினால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. அகலம் சரியாக இருக்கும், ஆனால் சாய்வு சரிவராது. செர்ரி (தண்டின் வகையல்ல, அதே பெயரில் உள்ள மூடி வடிவம்), ஓஈஎம் போன்ற வடிவங்களில் ஒவ்வொரு வரிசைக்கும் உயரமும் மேல் முகத்தின் சாய்வும் வேறு. கெப்ஸ் லொக் நடு வரிசையைச் சேர்ந்தது, ஷிஃப்ட் அதற்குக் கீழ் வரிசை. மாற்றி மாட்டினால் ஒரு பல் மட்டும் தூக்கிக்கொண்டு நிற்பது போல விரலில் தட்டும். வலது ஓரத்தில் ஹோம், பேஜ் அப், பேஜ் டவுன், எண்ட் என்று ஒரு நிரை இருக்கும் கீபோர்டுகளிலும் இதே சிக்கல்தான். அந்த நான்கும் நான்கு வரிசைகளில் இருப்பதால், செட்டிலும் அந்தந்த வரிசைக்கான மூடி இருக்க வேண்டும். விற்பவர் போட்டிருக்கும் படத்தில் ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள்.

இலங்கையில் விற்பவை பெரும்பாலும் அமெரிக்க அமைப்பு, அதாவது நீளவாக்கில் படுத்த என்டர். இங்கிலாந்திலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்ததென்றால் என்டர் தலைகீழ் எல் போல இருக்கும், இடது ஷிஃப்டும் 1.25 யூவாகக் குறுகியிருக்கும். இந்த அமைப்பை ஐஎஸ்ஓ என்பார்கள்; அதற்கு ஐஎஸ்ஓ மூடிகளும் சேர்ந்த செட்டைத் தேட வேண்டும்.

இனித் தமிழுக்கு வருவோம். இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது.

நம் பக்கத்தில் மூன்று விதமான தமிழ் விசையமைப்புகள் புழங்குகின்றன. டவுனில் கொமியுனிகேஷன் கடைகளில் விண்ணப்பமும் அழைப்பிதழும் அடித்துப் பழகியவர்களுக்குப் பாமினி. யூனிகோடுக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு, இலங்கையில் தரமாக ஏற்றுக்கொள்ளப்பட்ட ரெங்கநாதன் அமைப்பு. தமிழகத்து மென்பொருள்களில் பழகியவர்களுக்கு, 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99. பாமினியும் ரெங்கநாதனும் தட்டச்சுப் பொறியின் வழி வந்தவை. தமிழ்99 உயிரெழுத்துகளை இடக்கையிலும், மெய்களைப் பெரும்பாலும் வலக்கையிலும் பிரித்து வைக்கிறது.

‘தமிழ்’ என்ற ஒரே சொல்லை அடித்துப் பாருங்கள். பாமினியில் ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி விசை. தமிழ்99இல் எல், கே, எஸ், சாய்கோடு, எஃப். இரண்டிலும் ஐந்து தட்டல்தான். ஆனால் ‘ம’ ஒன்றைத் தவிர எதுவுமே ஒரே விசையில் இல்லை. இடது சுட்டுவிரல் ஓய்வெடுக்கும் எஃப் விசை பாமினிக்காரருக்கு ‘க’, தமிழ்99காரருக்குப் புள்ளி. ஆகவே ‘தமிழ் எழுத்துள்ள கீகெப்’ என்று மட்டும் கேட்டு வாங்கக் கூடாது. எஃப் மூடியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். உங்கள் விரல் பழகியதா இல்லையா என்பது அந்த ஒரு மூடியிலேயே தெரிந்துவிடும்.

தட்டச்சு வழி அமைப்புகளில் இன்னொரு நெருக்கடி உண்டு. பாமினியில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு எஃப் தட்டினால் ‘கு’ வரும், கே தட்டினால் ‘மு’ வரும். எனவே ஒரு மூடியின் மேல் ஆங்கிலம் ஒன்று, தமிழ் இரண்டு, பல அலுவலகங்களில் சிங்களமும் சேர்ந்து நிற்க வேண்டும். மூடியின் மேல் முகமோ ஏறத்தாழ 12 மில்லிமீற்றர் அகலம்தான். நான்கையும் திணித்தால் ஒவ்வொன்றும் எறும்பு போலச் சிறுத்துவிடும். தமிழ்99இல் இந்தத் தொல்லை குறைவு: கிரந்த எழுத்துகளும் ஆய்தமும் மட்டும் ஷிஃப்டில் இருப்பதால், பெரும்பாலான மூடிகளுக்கு ஒரு தமிழ் எழுத்து போதும்.

எழுத்தை எப்படிப் பதித்திருக்கிறார்கள் என்பதுதான் அது எத்தனை நாள் நிற்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. டபுள் ஷொட் முறையில் எழுத்து ஒரு பிளாஸ்டிக், மூடி இன்னொரு பிளாஸ்டிக். இரண்டையும் ஒன்றோடொன்று வார்க்கிறார்கள். எழுத்து மூடியின் உடம்பிலேயே இருப்பதால் மூடி தேய்ந்தாலும் எழுத்து போகாது. ஆனால் ஒவ்வொரு எழுத்துக்கும் தனி அச்சு வெட்ட வேண்டும். ‘க’, ‘ண’, ‘ள’ போல உள்ளே சுழி மூடிய எழுத்துகளில் அந்தச் சுழிக்குள் வெளிப் பிளாஸ்டிக் போய்ச் சேர வழியும் விட வேண்டும். அதனால்தான் டபுள் ஷொட்டில் தமிழ் கிடைப்பது அரிது.

தமிழுக்கு ஏற்றது டை சப்ளிமேஷன். சூட்டில் ஆவியாகும் மை பிளாஸ்டிக்குக்குள்ளேயே இறங்கிவிடும். விரலால் தடவினால் எழுத்தின் விளிம்பு தட்டுப்படாது. எந்த வளைவையும் அச்சிடலாம், அச்சு வெட்ட வேண்டியதில்லை, ஆகவே ஒரு செட்டுக்குக்கூடச் செய்து தருபவர்கள் உண்டு. இதில் ஒரு கட்டுப்பாடு: மை மூடியை விடக் கருமையாக இருக்க வேண்டும். கறுப்பு மூடியில் வெள்ளை எழுத்து வேண்டுமென்றால், எழுத்தை விட்டுவிட்டு மீதி இடத்துக்கெல்லாம் சாயம் ஏற்ற வேண்டும். அதற்கு விலை கூடும்.

இப்படி நீங்களே வடிவமைத்து அனுப்பும்போது நடக்கும் பிழை ஒன்று உண்டு. ‘ா’, ‘ி’ போன்ற குறிகளைத் தனியாகத் தட்டி அனுப்பினால், பல மென்பொருள்கள் அதன் பக்கத்தில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தைப் போட்டுவிடும். அங்கே அச்சிடுபவருக்குத் தமிழ் தெரியாது. வட்டத்தோடு அப்படியே அச்சாகிவிடும். ‘கெ’ என்று அனுப்பியது கொம்பு வலப்பக்கம் மாறியும் வரலாம். தமிழை ஒழுங்காகக் கோர்க்கத் தெரியாத மென்பொருளில் கோப்பைத் திறப்பதுதான் காரணம். எழுத்துகளை எழுத்தாக அனுப்பாமல் கோட்டு வடிவமாக மாற்றி அனுப்புங்கள்; அப்போது எந்தக் கணினியில் திறந்தாலும் உருவம் மாறாது. டை சப் மை விளிம்பில் கொஞ்சம் கசியும் என்பதால் மிகத் தடித்த எழுத்துருவும் வேண்டாம், ‘ண’, ‘ஞ’ ஆகியவற்றின் உள்வெளி அடைபட்டுவிடும். நடுத்தரத் தடிப்பில், 4 மில்லிமீற்றருக்குக் குறையாத உயரத்தில் வையுங்கள். அனுப்புவதற்கு முன் வீட்டில் உண்மை அளவில் தாளில் அச்செடுத்து, வெட்டி, பழைய மூடியின் மேல் வைத்துப் பாருங்கள்.

ஸ்டிக்கர் மலிவான வழி. அதற்கும் ஒரு முறை இருக்கிறது. மூடியைச் சர்ஜிகல் ஸ்பிரிட்டால் துடைத்துக் காய விட்டு, ஒட்டி, நடுவிலிருந்து விளிம்புக்கு அழுத்தி, ஒரு நாள் தொடாமல் விட வேண்டும். அப்படிச் செய்தாலும் சொரசொரப்பான மூடியில் பசை முழுதாகப் பிடிக்காது. குழிந்த முகத்தில் மூலை எழும்பும். பிற்பகலில் ஜன்னல் வழியே மூடுபனி உள்ளே வரும் வீடுகளில் இன்னும் சீக்கிரமே எழும்பும். ஒளி ஊடுருவும் மூடிக்குக் கறுப்புப் பெயின்ட் பூசி, எழுத்தை லேசரால் சுரண்டியெடுத்த மலிவான வகை உண்டு. அது வேண்டவே வேண்டாம். பெயின்ட் தேயத் தேய எழுத்து கரைந்து வெறும் வெளிச்சப் பொட்டாகிவிடும். முதலில் போவது அதிகம் தட்டும் விசைதான். கொமியுனிகேஷன் கடைக் கீபோர்டு ஒன்றைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். புள்ளி விழும் அரைப்புள்ளி விசையும் ‘ா’ விழும் எச் விசையும் கண்ணாடி போல மின்னும். தமிழ் அடிக்கும் கீபோர்டின் தேய்மானம் ஆங்கிலம் அடிப்பதைப் போல இருக்காது.

அந்த மினுக்கம் பிளாஸ்டிக்கைப் பொறுத்தது. ஏபிஎஸ் மிருதுவானது, விரல் உரசி உரசிச் சொரசொரப்பு போய் வழவழக்கும். பிபிடி கடினமானது, மினுக்கம் வர வெகுகாலமாகும். பெட்டியில் பிபிடி என்று போட்டிருந்தாலும் உள்ளே அதுதான் என்று நம்ப முடியாது. சோதிக்கக் குசினியில் இருக்கும் உப்பே போதும். 200 மில்லிலீற்றர் தண்ணீரில், இனிக் கரையாது என்னும் வரை உப்புப் போடுங்கள். 70 கிராம் அளவு பிடிக்கும். அதில் மூடியைப் போட்டால் ஏபிஎஸ் மிதக்கும், பிபிடி அமிழும். மூடியின் வயிற்றுக்குள் காற்றுக் குமிழ் தங்கினால் பிபிடியும் மிதந்து ஏமாற்றும். தண்ணீருக்குள் வாய்ப்பக்கம் மேலே இருக்கத் திருப்பி, ஆட்டி, குமிழை வெளியேற்றிவிட்டுக் கையை எடுங்கள். இரண்டு பிளாஸ்டிக் கலந்த டபுள் ஷொட்டில் இந்தச் சோதனை தெளிவான பதில் தராது. முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். தண்டுத் துளையில் உப்பு தங்கி ஸ்விட்சுக்குள் இறங்கக் கூடாது. இன்னொரு வழி, அசிட்டோன் கலந்த கியூடெக்ஸ் ரிமூவரில் ஒரு துளியைப் பஞ்சில் தொட்டு, மூடியின் உட்சுவரில் வைப்பது. பிசுபிசுத்தால் ஏபிஎஸ். வெளிப்பக்கம் வைத்துவிடாதீர்கள்.

பிபிடியிலும் ஒரு குறை உண்டு. வார்த்த பிறகு ஆறும்போது அதிகம் சுருங்குவதால் நீள மூடிகள் வளைந்துவிடும். செட் முழுக்கப் பிபிடியாக இருந்து ஸ்பேஸ் பார் மட்டும் ஏபிஎஸ்ஸாக வருவதற்குக் காரணம் இதுதான். அதைக் குற்றமாக எடுக்கத் தேவையில்லை. ஸ்பேஸ் பார் வந்த உடனே முகம் பார்க்கும் கண்ணாடியின் மேல் வையுங்கள். ஓடம் போல ஆடினால், அல்லது நடுவில் வெளிச்சம் தெரிந்தால், அது வளைந்தது. அப்படியே மாட்டினால் ஒரு முனை அமுங்கி மெதுவாக எழும்பும். நீள மூடியைச் சமமாகத் தாங்கும் கம்பியான ஸ்டெபிலைசர்தான் கெட்டுவிட்டதென்று நினைத்து அதைப் பிரிப்பவர்கள் பலர்.

வளைந்த பிபிடியைச் சுடுதண்ணீரில் நிமிர்த்தலாம். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். கொதித்ததை இறக்கி இரண்டு நிமிடம் வைத்துவிட்டு, ஸ்பேஸ் பாரை அதில் மூன்று நிமிடம் அமிழ்த்துங்கள். கரண்டியால் எடுத்து, துணி விரித்த சமதரையில் வைத்து, வளைவுக்கு எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் கூடுதலாகவே அழுத்திப் பிடித்து ஆற விடுங்கள். பத்து நிமிடமாவது பிடிக்க வேண்டும். சூடு இருக்கும்போதே விட்டால் பழையபடி வளைந்துகொள்ளும். ஒரே தடவையில் சரிவராது, இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டும். ஏபிஎஸ் மூடிக்கு இந்த வைத்தியம் கூடாது, உருக்குலையக்கூடும்.

வடிவத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். உணவு மேசையில் வைத்து நீண்ட நேரம் அடிப்பவர்களுக்குத் தாழ்வான செர்ரி வடிவம்தான் மணிக்கட்டுக்கு இதம். எஸ்ஏ வகையின் மேல் வரிசை 16 மில்லிமீற்றருக்கும் உயரம். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் மணிக்கட்டுக்குத் தாங்கு பலகை இல்லாமல் அதில் வேலை செய்ய முடியாது. எக்ஸ்டிஏ, டிஎஸ்ஏ இரண்டிலும் எல்லா வரிசையும் ஒரே உயரம். அளவு சரியாக இருந்தால் எந்த மூடியையும் எங்கும் மாட்டலாம். தமிழ் எழுத்துகளை இடம்மாற்றிப் பழக நினைப்பவருக்கும், மேலே சொன்ன வரிசைச் சிக்கலில் மாட்ட விரும்பாதவருக்கும் எக்ஸ்டிஏதான் எங்கள் பரிந்துரை. அதன் முகம் அகலமானது, மூன்று எழுத்துகள் நெருக்கடியில்லாமல் நிற்கும்.

செர்ரி வடிவம் எடுப்பவர் ஸ்விட்சில் வெளிச்சம் வரும் துளை எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். துளை திரையை நோக்கி இருந்தால், ஏ, எஸ், டி, எஃப் இருக்கும் வரிசையில் மூடியின் உட்சுவர் ஸ்விட்சின் உடம்பில் மோதக்கூடும். அந்த ஒரு வரிசை மட்டும் மொட்டையாகச் சத்தம் போட்டால் காரணம் இதுதான். ஓஈஎம் வடிவத்தில் இது வராது. பின்வெளிச்சம் வேண்டுபவர்களுக்கு அதே துளை இன்னொன்றையும் சொல்லும்: அது திரைப்பக்கம் இருந்தால் வெளிச்சம் மூடியின் மேல் பாதியில்தான் விழும், கீழ் விளிம்பில் அச்சிட்ட தமிழ் இருட்டிலேயே இருக்கும்.

கழற்றுவதற்குக் கம்பிக் கொக்கி வாங்குங்கள். பிளாஸ்டிக் வளையம் மூடியின் பக்கங்களைச் சுரண்டும். முதலில் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கொக்கியை எதிரெதிர் மூலைகளில் மாட்டி நேர் மேலே இழுக்க வேண்டும். சாய்த்தால் தண்டு ஒடியும். ஸ்பேஸ் பாரை இரு முனையிலும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக எழுப்புங்கள். ஸ்விட்சைக் கழற்றி மாட்டும் வகைக் கீபோர்டில் மூடியோடு ஸ்விட்சும் சேர்ந்து வந்துவிடலாம். திரும்பச் செருகும் முன் அதன் இரண்டு செப்புக் கால்களும் நேராக நிற்கின்றனவா என்று பாருங்கள். வளைந்த காலோடு அழுத்தினால் கால் மடிந்து, அந்த விசை வேலை செய்யாது. புது மூடி இறுக்கமாக இருந்தால் குத்தி இறக்காதீர்கள். கீபோர்டின் அடியில் ஒரு கையைத் தாங்கலாக வைத்து, நேராக அழுத்துங்கள்.

சீனி போட்ட பிளேன்டீ கொட்டிய மூடிகளை விரல் பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டு, ஒரு மணி நேரம் ஊற வைத்துப் பழைய பல்துலக்கியால் தேயுங்கள். காய வைப்பதுதான் இங்கே பெரிய வேலை. தண்டுத் துளைக்குள் நிற்கும் தண்ணீர் வெளியே தெரியாது. ஒவ்வொன்றையும் துவாயில் தட்டி, துளையில் ஊதி, துளை கீழ்நோக்க அடுக்குங்கள். வெயில் காலத்தில் ஒரு நாள் போதும். தென்மேற்குப் பருவமழையில் மஸ்கெலியா, ஹட்டன் பக்கமும், வடகீழ்ப் பருவமழையில் பதுளைப் பக்கமும் இரண்டு நாளாவது விட வேண்டும். சீக்கிரம் காயட்டும் என்று விறகடுப்புக்கு மேல் வைத்தால் புகைக்கரி பிபிடியின் சொரசொரப்பில் ஏறிவிடும், பிறகு போகாது. வெள்ளை ஏபிஎஸ் மூடியை நேர் வெயிலில் நாட்கணக்கில் விட்டால் மஞ்சளிக்கும்.

செட்டில் மீந்த மூடிகளை எறியாமல் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, அளவையும் வரிசையையும் தாளில் எழுதி மேலே ஒட்டி வையுங்கள். 1.75 யூ ஷிஃப்டும், 7 யூ ஸ்பேஸ் பாரும், மேடு போட்ட எஃப், ஜே மூடிகளும் அடுத்த கீபோர்டுக்குத் தேவைப்படும்.